பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு மெஷின்

ஜெனரேட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது சத்தத்தைப் பற்றித்தான். அடுத்தது எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பது. லாண்டரி அக்கா இரண்டையும் கேட்கவில்லை. வரிசையாக நின்ற மெஷின்களை மாப்பிள்ளை பார்க்க வந்தவளைப் போல மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடை மேனேஜரிடம் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"என் வீட்டுக்குப் போக, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத் தாங்குற மாதிரி எது இருக்கு?"

மேனேஜருக்கு முகமெல்லாம் பல். "பக்கத்து வீட்டுக்கும் குடுக்கப் போறீங்களா? இந்தக் காலத்துல யாரு மேடம் இப்படி நினைக்கிறாங்க? பெரிய மனசு உங்களுக்கு."

"குடுக்குறதுக்கு இல்ல. வந்து கேக்கும்போது இல்லேன்னு சொல்றதுக்கு."

மேனேஜர் சிரித்தார். வாங்க வந்தவர்கள் எதைச் சொன்னாலும் சிரித்து வைப்பது அவருடைய தொழில். எதிரே இருந்தவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அந்தச் சிரிப்பைப் பாதியிலேயே மென்று விழுங்கினார். கூட வந்திருந்த மகள் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"ஏம்மா, நீ மெஷின் வாங்க வந்தியா, சண்டை வாங்க வந்தியா?"

"ரெண்டும் ஒரே கடையில கிடைச்சா நல்லதுதானே. அலைச்சல் மிச்சம்."

அவளைத் தெருவே லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டின் முன்கட்டுதான் லாண்டரி. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் போர்வையும் துண்டும் வரும். இரண்டு பெரிய வாஷிங் மெஷின்கள், மூன்று இஸ்திரி மேசைகள், எப்போதும் ஈர வாடை. கரண்ட் போனால் பாதி துவைத்த துணி நுரையோடு அப்படியே கிடந்து நாறும். ஆகவே ஜெனரேட்டர் அவசியம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் லாண்டரிக்கு மட்டும் என்றால் அவள் எப்போதோ ஒரு சின்ன மெஷினை வாங்கிப் போட்டிருப்பாள். அவள் மனதில் இருந்தது சுவருக்கு அந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் இருப்பவன் கொழுந்தன், புருஷனுடைய கூடப்பிறந்த தம்பி. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று தனிக்கட்டையாக இருப்பவன். வீட்டின் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள் அடுக்கி, அழகு மீன்களை வளர்த்துக் கடைகளுக்கு விற்கிறான். மீன் தொட்டிக்குள் பம்பு வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். பம்பு நின்றால் கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும், அப்புறம் மிதக்கும். அதற்காகவே அவன் தெருவில் யாருக்கும் முன்னால் ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்திருந்தான்.

சுவருக்கு இந்தப் பக்கம் அவளுடைய புருஷனும் காற்றுக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தார். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாய் மாட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷினை நம்பிக் கிடந்தார். அதுவும் கரண்ட்டில் ஓடுவதுதான். ஒரு புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து கரண்ட் போனது. கைவசம் இருந்த சிலிண்டர் மறுநாள் மதியத்தோடு தீர்ந்தது. அவள் ஓடிப்போய்ச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "தம்பி, ஒரே ஒரு வயர் இழுத்துக் குடுடா, அண்ணனுக்கு மூச்சு வாங்குது" என்று கெஞ்சினாள். அவனுடைய ஜெனரேட்டர் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"லோடு தாங்காது அண்ணி" என்றான் அவன். "இவ்வளவு பம்பு ஓடுது. இன்னொண்ணை மாட்டினா மொத்தமும் நின்னுடும். மீன் பூரா செத்துடும்."

மீன் பூரா செத்துடும். இந்த வார்த்தையை அவள் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை. யாருடைய காரிலோ புருஷனை ஏற்றினாள். வழியில் மரம் விழுந்து கிடந்தது. சுற்றிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகளின் மடியில் தலை வைத்து, வாயைத் திறந்து திறந்து மூடியபடி அவர் போனார்.

அன்றிலிருந்து அவள் கொழுந்தனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் தலையைக் குனிந்தபடி போவான், குனிந்தபடி வருவான். பார்க்கிறவர்கள் காலப்போக்கில் ஆறிவிடும் என்று நினைத்தார்கள். அவளா ஆறுகிறவள்? அவன் தொட்டிகளில் நீர்க்குமிழி ஓடும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஆனாலும் ஒரு முள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருவேளை நிஜமாகவே தாங்காதோ? லோடு என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. அவன் உண்மையைத்தான் சொன்னானோ என்னவோ என்ற சந்தேகம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு, அவளை முழுசாகக் கோபப்படவும் விடவில்லை, மன்னிக்கவும் விடவில்லை.

மேனேஜர் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உங்க வீட்ல என்னென்ன ஓடும், ஒவ்வொண்ணா சொல்லுங்க மேடம். மோட்டார் இருக்கிறதைத் தனியா சொல்லணும். மோட்டார் கிளம்பும்போது ஒரு இழுப்பு இழுக்கும். அந்த ஒரு நொடிக்குத் தாங்கணும், அப்புறம் அடங்கிடும்."

அவள் வாஷிங் மெஷின், இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் மோட்டார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லும்போதே கண் கடையின் மூலைக்குப் போனது. அங்கே சிவப்பு டேங்க் வைத்த பழைய மெஷின் ஒன்று தூசி படிந்து நின்றது. யாரோ பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிப்போன சரக்கு. எத்தனை நாள் சுவர் வழியாகப் பார்த்துப் பார்த்துக் கறுவியிருக்கிறாள்! அச்சு அசலாகக் கொழுந்தனுடைய மெஷின்.

"அது எவ்வளவு தாங்கும்?"

"அது உங்களுக்குப் பத்தாது மேடம்."

"எனக்கு வேண்டாம். எவ்வளவு தாங்கும்னு மட்டும் சொல்லுங்க. மீன் தொட்டிக்குக் காத்து விடுற பம்பு நிறைய ஓடுது. அதோட ஒரு ஆக்ஸிஜன் மெஷின். வீட்ல நோயாளிக்கு வைக்கிறது. தாங்குமா?"

மகள் சட்டென்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பம்பெல்லாம் ஒரு கணக்கே இல்ல மேடம். ஒரு பல்பு எரியுற கரண்ட்ல பத்து பம்பு ஓடும். ஆக்ஸிஜன் மெஷின்னா ஒரு அஞ்சாறு ஃபேன் ஓடுற மாதிரி, அவ்வளவுதான். இதுல அந்த மாதிரி நாலைக்கூட மாட்டலாம். இருங்க, ஓட்டியே காட்டுறேன்."

அந்தக் கடையில் ஒரு பழக்கம். வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்று ஒரு பலகையில் பெரிய பெரிய பல்புகளை மாட்டி வைத்திருந்தார்கள். மெஷினைக் கிளப்பி, பல்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவார்கள். லோடு ஏற ஏற மெஷினின் குரல் மாறும். மாறாவிட்டால் அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

கயிற்றை இழுத்ததும் பழசு உறுமிக் கிளம்பியது. அவளுக்கு மிகவும் பழகிய சத்தம். மேனேஜர் ஒரு பல்பைப் போட்டார். "இது உங்க பம்பு மொத்தமும்." அடுத்து ஒரு வரிசையையே போட்டார். "இது ஆக்ஸிஜன் மெஷின்." மெஷினின் குரல் துளியும் மாறவில்லை. அவர் உற்சாகமாகி, வெந்நீர் போடுகிற கெட்டிலையும் எடுத்துச் செருகினார். மெஷின் லேசாகத் தொண்டையைச் செருமிவிட்டுப் பழையபடி ஓடியது.

"பாத்தீங்களா? பழசுன்னாலும் சிங்கம் மேடம்!"

லாண்டரி அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பல்பு வெளிச்சத்தில் அவள் முகத்தில் ஈயாடவில்லை. தாங்கியிருக்கும். தாங்குவது மட்டுமா, அண்ணனையும் மீனையும் வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் டீக்கு வெந்நீரும் போட்டுக் கொடுத்திருக்கும்.

"அம்மா, வா போலாம்" என்றாள் மகள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க போறது? இன்னும் மெஷின் வாங்கலையே."

இத்தனை நாள் உறுத்திய முள் போய்விட்டது. இனி தடங்கலில்லாமல் பழிவாங்கலாம். அந்த நினைப்பில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. கடையிலேயே பெரிய டீசல் மெஷின் ஒன்றைக் கைகாட்டினாள். உங்கள் லோடுக்கு இதில் பாதியே போதும், மீதி தெம்பு வீணாகத்தான் கிடக்கும் என்று மேனேஜர் நேர்மையாகவே சொல்லிப் பார்த்தார்.

"வீணாத்தான் கிடக்கணும். தெம்பை உள்ள வச்சுக்கிட்டே நான் இல்லேன்னு சொல்லணும். அப்பதான் அவனுக்கு உறைக்கும்."

இன்னொன்றும் கேட்டாள். பின்பக்கச் சுவரின் மேல், அந்த வீட்டைப் பார்த்தபடி ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். அதற்குக் கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி. பெட்டிக்குப் பூட்டு. கரண்ட் வருகிறது என்று காட்ட உள்ளே சிவப்பாக ஒரு சின்ன விளக்கு. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு வயரிங் கேட்டவர் யாருமில்லை என்று எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டே மாட்டிவிட்டுப் போனான்.

"அப்பா இருந்திருந்தா இதையெல்லாம் விட்டிருப்பாரா?" என்றாள் மகள்.

"அப்பா இருந்திருந்தா இந்த மெஷினே எதுக்குடி?"

மகள் ஈரத் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அதன்பின் காத்திருப்பு. அப்படி ஒரு காத்திருப்பைக் காதலித்தவர்கள்கூடக் காத்திருந்திருக்க மாட்டார்கள். கரண்ட் போகும். அவளுடைய மெஷின் கிளம்பும், சுவரில் சிவப்பு விளக்கு எரியும். உடனே அந்தப் பக்கம் அவனுடைய பழசும் கிளம்பிவிடும். "நாசமாப் போறதுக்கு இன்னும் உசிரு இருக்கு பாரு" என்று அவள் இஸ்திரிப்பெட்டியைத் துணியின் மேல் அழுத்தித் தேய்ப்பாள். அதன் எண்ணெயில் தண்ணீர் கலக்கக்கூடாதா, அதன் வயரை எலி கடிக்கக்கூடாதா என்று வேண்டாத சாமி இல்லை. சொல்லப்போகிற வார்த்தையைத் தயாராக வைத்திருந்தாள். மூன்றே வார்த்தை. லோடு தாங்காது தம்பி. தம்பி என்பதை எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பது வரை ஒத்திகை பார்த்தாயிற்று.

வந்தது ஒரு நாள். உச்சி வெயிலில், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கரும்புகை கிளம்பியது. சாயங்காலம் வரை கரண்ட் வராது, நாளைக்கும் சந்தேகம்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவளுடைய மெஷின் கிளம்பிவிட்டது. அந்தப் பக்கம் கயிறு இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு இருமல். மறுபடி இழுப்பு, மறுபடி இருமல். அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். கயிற்றின் சத்தம் வேகமாகி, அப்புறம் தளர்ந்து, நின்றுபோனது. அடுத்து மொண்டு மொண்டு தண்ணீரை ஊற்றும் சத்தம். தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் கொஞ்சம் காற்று கலக்கும். ஒரு ஆள், அத்தனை தொட்டி, எவ்வளவு நேரத்துக்கு ஊற்றுவான்?

தேய்க்கிற துணியைப் பின்கட்டில் இருந்த மேசைக்குக் கொண்டுபோய், சுவரைப் பார்த்தபடி நின்று தேய்க்க ஆரம்பித்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்காமல் என்ன?

சுவருக்கு மேலே அவன் தலை தெரிந்தது. முழங்கை வரை ஈரம். மீசையில் வேர்வை. தலை பாதி நரைத்திருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"அண்ணி."

அவள் ஒரு தலையணை உறையை நிதானமாக நான்காக மடித்தாள்.

"அண்ணி, என் மெஷின் போயிடுச்சு. மீனெல்லாம் மேல வந்துடுச்சு. ஒரு வயர் மாட்டிக்கவா?"

கடைசியில் கேட்டேவிட்டான். அவள் மேசையை விட்டு வந்து, அவன் எதிரே நின்று, கண்ணுக்குள் கண் வைத்துப் பார்த்துச் சொன்னாள்.

"லோடு தாங்காது தம்பி."

சொன்ன மாத்திரத்தில் நாக்கில் தேன் தடவியது போல இருந்தது. அவன் துடிப்பான், கெஞ்சுவான், காலில் விழுவான், இல்லையென்றால் கத்துவான் என்று எல்லாவற்றுக்கும் அவள் பதில் வைத்திருந்தாள். அவன் எதையும் செய்யவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக மூச்சு விட்டான்.

"தாங்கும் அண்ணி" என்றான். "அந்த மெஷின் இன்னும் ரெண்டு வீட்டுக்குத் தாங்கும். எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு? அன்னைக்கு உன்னோடது தாங்கும்னும் தெரியுமா?"

"அன்னைக்குத் தெரியாது. மாட்டிக் குடுத்தவன் பம்பைத் தவிர எதையும் மாட்டாதேன்னு சொல்லிட்டுப் போனான். நான் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். அண்ணனைத் தூக்கிட்டுப் போய் எல்லாம் முடிச்சு வந்த அன்னைக்கு, மனசு கேக்காம இஸ்திரிப்பெட்டியை எடுத்து அதுல சொருகிப் பாத்தேன். தாங்குச்சு அண்ணி. சத்தம்கூட மாறல."

"தெரியலேன்னா மாட்டிப் பாத்திருக்கலாமேடா. நின்னா நிக்கட்டும்னு ஒரு தடவை மாட்டிப் பாக்க உனக்கு மனசு வரலையே!" அவள் குரல் தெருவரை கேட்டது. "உன் அண்ணன் மூச்சை விட அந்த மீனு பெருசாப் போச்சே!"

"ஆமா அண்ணி."

மறுத்துப் பேசியிருந்தால் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்டிருப்பாள். அவன் ஆமா என்றுவிட்டான்.

"எத்தனையோ தடவை உங்ககிட்ட வந்து சொல்லணும்னு நினைப்பேன். தைரியம் வராது. நெஞ்சுல கல்லு மாதிரி கிடந்துச்சு. இப்ப நீங்க தாங்காதுன்னு சொன்னீங்க பாருங்க." கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். "சரியாப் போச்சு அண்ணி. நான் செஞ்சதுக்கு நீங்க செஞ்சுட்டீங்க. எல்லாம் சாகட்டும். நியாயம்தான்."

அவன் திரும்பி நடந்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் போன நாளிலிருந்து குனிந்தே திரிந்த தோள் அது. இப்போது நிமிர்ந்திருந்தது. நடையில்கூட ஒரு லேசு. கடனை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி போனான்.

அவளுக்குப் பொறி தட்டியது. இவன் மீனைக் காப்பாற்ற வரவில்லை. அடி வாங்க வந்திருக்கிறான். வாங்கிக்கொண்டு, எல்லாம் தீர்ந்தது என்று நிமிர்ந்து போகிறான். நான் இத்தனை பாடுபட்டு, மெஷின் வாங்கி, பெட்டி மாட்டி, ராத்திரி பகல் கறுவி, கடைசியில் இவனை விடுதலை பண்ணிவிட்டேனே! சில மீன்களைச் சாக விட்டால் என் புருஷனுக்கு ஈடாகிவிடுமா? அவ்வளவு மலிவா அவர்? தேன் தடவியிருந்த நாக்கு இப்போது கசந்தது.

"நில்லுடா!"

அவன் நின்றான்.

"வயரை எடுத்துட்டு வா."

"வேண்டாம் அண்ணி."

"உன்னைக் கேக்கல. எடுத்துட்டு வாடா."

அவன் அசையவில்லை. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, புருஷன் போனதிலிருந்து மிதிக்காத அந்த வீட்டுக்குள் நேராகப் போனாள். பின்பக்கம் தொட்டிகள் வரிசையாக நின்றன. தண்ணீருக்கு மேலே மீன்கள் கூட்டமாக வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. அந்த வாயை அவள் காரில் பார்த்திருக்கிறாள். "பாக்காதே, வேலையைப் பாரு" என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டு, பம்புகளுக்குப் போகும் வயரைத் தேடி எடுத்து, சுவர்வரை இழுத்தாள். இடுப்பிலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்து பிளக்கைச் செருகினாள்.

எல்லாத் தொட்டியிலும் ஒரே சமயத்தில் குமிழிகள் கிளம்பின. கொஞ்ச நேரம் மீன்களுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"ஏன் அண்ணி?" என்றான் அவன். "விட்டிருக்கலாமே."

"விட்டா உனக்குச் சரியாப் போயிடும். சரியாப் போக விடமாட்டேன்." அவள் மூச்சு இரைக்க அவன் முன்னால் நின்றாள். "இந்த மீன் ஒண்ணுகூடச் சாகக்கூடாது. குட்டி போட்டுப் பெருகட்டும். காலைல எந்திரிச்சு தீனி போடுவேல்ல? அப்ப நீ பாக்கணும். உன் அண்ணனுக்கு இல்லாத காத்து இதுக்கு வருதுன்னு பாக்கணும். அதுவும் அவர் பொண்டாட்டி குடுக்குற காத்து. சாகுற வரைக்கும் பாரு."

அவன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். சற்று முன்பு நிமிர்ந்த தோள் மறுபடி குனிந்ததை அவள் நின்று நிதானமாகப் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"நிறுத்துங்க அண்ணி" என்றான் அவன். "கும்பிட்டுக் கேக்குறேன். அதை நிறுத்துங்க."

"நாளைக்கும் கரண்ட் இருக்காதுன்னு பேசிக்கிறாங்க. நீ வந்து கேக்கவே வேண்டாம். நானே போட்டு விடுறேன்."

பெட்டியைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் வீட்டுக்குத் திரும்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் குமிழிச் சத்தத்துக்கு நடுவே அவன் நிறுத்துங்க நிறுத்துங்க என்று விசும்பிக்கொண்டிருந்தான். விடுதிக்காரன் சாயங்காலம் வந்துவிடுவான். அவள் அடுத்த போர்வையை எடுத்து மேசையில் விரித்தாள்.